கணக்கில் வராத கப்பல்

மேற்குக் கடலோரத்தில் மரப்படகு கட்டத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் வெஸ்டர்பித் துறைமுகத்தில் எந்தப் பிள்ளையும் லாவ்ரிட்ஸ் பக் என்று சொல்லும். பிள்ளை சொல்ல மறந்தால் லாவ்ரிட்ஸே சொல்லிவிடுவார். "நாற்பத்து மூணு படகு. ஒண்ணுகூடக் கடலுக்குக் குடுக்கல" என்பார். வெறும் பேச்சில்லை. நாற்பத்து மூன்றும் உண்மை, கடல் ஒன்றையும் வாங்கவில்லை என்பதும் உண்மை. கோபன்ஹேகனிலிருந்து இரண்டு பொறியாளர்கள் அளவுக்கோலோடு வந்து, அவர் வெறும் கண்ணால் வளைத்த பலகையை அளந்து பார்த்து, தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டுப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இத்தனைக்கும் அவர் படித்தது பாதிப் படிப்பு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பள்ளிக்கூடம். மற்ற நாட்களில் அடுத்தவர் மாட்டை மேய்க்க வேண்டும். ஏழு வயதில் மாடு, பதினான்கு வயதில் மரம் செதுக்கும் வாய்ச்சி, இருபத்தாறு வயதில் சொந்தப் பட்டறை. அப்பன் பாட்டன் விட்டுப்போனது ஒரு ஆணிகூட இல்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. பட்டறைதான் வீடு, இழைப்புளிச் சுருள்தான் மெத்தை. எழுபத்தொரு வயதிலும் தார்ச் சட்டியை ஒற்றைக் கையால் தூக்குவார்.

ஆனால் அவர் எண்ணிக்கையில் ஒரு ஓட்டை இருந்தது. ஊருக்கே தெரியும், யாரும் வாயைத் திறந்ததில்லை. அவர் கட்டிய முதல் படகு அந்த நாற்பத்து மூன்றில் சேராது.

அதன் பெயர் 'மெட்டே'. அம்மாவின் பெயர். அண்ணன் கிரெஸ்டெனுக்காக 1929இல் கட்டிக்கொடுத்தது. அந்த வருஷம் நவம்பர் புயலில் வெஸ்டர்பியிலிருந்து போன ஐந்து படகுகள் திரும்பவில்லை. அதில் மெட்டேயும் ஒன்று. கூடப் போக வேண்டியவனுக்குக் காய்ச்சல், கிரெஸ்டென் தனியாகப் போயிருந்தார். உடல் கரைக்கு வரவில்லை. தேவாலயத்து மதில் கல்லில் பெயர் மட்டும் இருக்கிறது.

ஊருக்குத் தெரியாதது இன்னொன்று. மெட்டேயின் இடது பக்கத்தில், அடிமரத்திலிருந்து மூன்றாவது பலகை பச்சை மரம். காய்ந்த ஓக் தீர்ந்துபோயிற்று, கிரெஸ்டென் மீன்பருவத்துக்கு அவசரப்படுத்தினார், இருபத்தாறு வயதுக்காரன் ஈரப் பலகையை அடித்துத் தார் பூசி மூடிவிட்டான். பச்சை மரம் காயும்போது சுருங்கும், ஆணி தளரும். எங்களில் மரம் தொட்ட எவனுக்கும் இது தெரியும். நாற்பத்தைந்து வருஷமாக லாவ்ரிட்ஸ் அந்த ஒரு பலகையை நெஞ்சுக்குள் சுமந்தார். யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக அண்ணி சிட்செலிடம் சொல்லவில்லை.

சிட்செலின் வீட்டுக் கூரை ஒழுகினால் சொல்லாமலே வந்து சரிபண்ணுவார். ஜன்னல் சட்டம் மாற்றுவார். கிறிஸ்துமஸுக்குக் கூடை நிறைய காட் மீன் கொண்டுவந்து வைப்பார். அவள் காபி ஊற்றிக்கொண்டு வருவாள். அவர் வாசல்படியில் நின்றபடியே குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பார். உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. தேவாலயமும் அப்படித்தான். அண்ணனுக்கு நடந்த இரங்கல் ஆராதனைக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டவில்லை. யாராவது இறந்தால் கல்லறைத் தோட்டத்து வாயிலில் தொப்பியைக் கையில் பிடித்து நிற்பார். கேட்டால், "ஆண்டவருக்கு என்னைப் பாக்கணும்னா பட்டறைக்கு வரட்டும், அவரும் தச்சர்தானே" என்பார்.

இப்படிப்பட்டவரை உள்ளே வரவழைத்தது ஒரே ஒரு சொல்.

1974 ஜனவரியில் திருச்சபைச் செய்திமடல் வந்தது. அதில் இரண்டு வரி: "நமது கப்பல் மிகவும் பழுதடைந்துவிட்டது, மரம் உளுத்துவிட்டது. பெந்தெகொஸ்தே பண்டிகைக்குள் வேலை தொடங்க வேண்டும், மரவேலை அறிந்தவர்கள் முன்வரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

எங்கள் டேனிஷ் பேச்சில் கடலில் மிதப்பதும் கப்பல், தேவாலயத்தில் ஜனங்கள் உட்காரும் நடுக்கூடமும் கப்பல். சொல் ஒன்றுதான். செய்திமடல் சொன்னது கூடத்தை. லாவ்ரிட்ஸ் படித்தது மற்றதை. அவரைக் குறைசொல்ல முடியாது. கடலோரத் தேவாலயம் எதிலும் உத்தரத்திலிருந்து நேர்ச்சையாகச் செய்த ஒரு சிறு மரக்கப்பல் தொங்கும், எங்களுடையதிலும் இருநூறு வருஷத்துப் பழைய மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று பூச்சி அரித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதோடு, கூடத்துக்கும் கப்பல் என்றுதான் பெயர் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தது மாடு மேய்க்கிற நாளில் போலிருக்கிறது.

"கடைசியில ஆளைத் தேடிட்டாங்க பாத்தியா" என்று லாவ்ரிட்ஸ் பட்டறைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். மீசையைத் தடவிக்கொண்டார். கதவைத் தாழிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

மூன்று பாய்மரக் கப்பல் கட்டத்தான் நினைத்தார். பதினொரு வருஷம் கூரைக்கடியில் காய்ந்த ஓக்கை எடுத்தார். அடிமரம் வைத்தார், விலா எலும்புபோல வளைகளை நிறுத்தினார். பிப்ரவரி நடுவில் ஒருநாள் காலை எட்டி நின்று பார்த்தார். முன்பக்கத்து அணியம் மூன்று பாய்மரக் கப்பலுடையதாக இல்லை. நெஞ்சை நிமிர்த்திக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிற அந்த அணியத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். கை அவரைக் கேட்கவில்லை.

அடுப்பில் போட்டிருக்கலாம். அடுப்புக் கதவைத் திறந்துகூட வைத்தார். பிறகு மூடிவிட்டு, இடது பக்கத்து மூன்றாவது பலகையைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். ஒன்பது துண்டுகளைத் தள்ளிவிட்டுப் பத்தாவதை எடுத்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார். எலும்புபோலக் காய்ந்திருந்தது. அன்று முழுக்க அந்த ஒரு பலகையைத்தான் இழைத்தார்.

மே கடைசியில் வேலை முடிந்தது. ஒரு கை நீளம், ஒரு பாய்மரம், பழுப்புப் பாய், ஆணிகூட அளவுக்குத் தகுந்த செப்பு ஆணி. பின்பக்கத்தில் பெயர் எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டார்.

பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனிக்கிழமை தள்ளுவண்டியில் வைத்து, தார்ப்பாய் போர்த்தி, மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். தேவாலயத்து வாசலில் சபைக் குழுத் தலைவர் ஹோல்கர் அளவு நாடாவோடு நின்றிருந்தார். மளிகைக் கடைக்காரர். வாய் மட்டும் கடையை மூடாது.

"மேஸ்திரி! கடல் வத்திப்போச்சா, இந்தப் பக்கம் காத்து அடிக்குது?"

"நீங்க கேட்டீங்க, நான் கொண்டாந்துட்டேன்" என்றார் லாவ்ரிட்ஸ். "நாற்பத்து மூணு படகு கட்டின கை. தொப்பியைக் கழட்டிட்டுப் பாரு." தார்ப்பாயை இழுத்தார்.

ஹோல்கர் பார்த்தார். "நாங்க எப்பக் கேட்டோம்?" என்றார்.

"செய்திமடல்ல போட்டியே! கப்பல் பழுது, மரம் உளுத்துப்போச்சுன்னு."

ஹோல்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ ஆண்டவரே! அது இந்தக் கப்பல் இல்ல மேஸ்திரி! ஜனங்க உக்கார்ற கப்பல்! தரைப் பலகை, கூரை உத்தரம்! அஞ்சு மாசமா இதையா செதுக்கிட்டிருந்தீங்க? நல்லவேளை, தள்ளுவண்டில முழுத் தேவாலயத்தையும் கொண்டாராம விட்டீங்க!"

லாவ்ரிட்ஸின் காது மடல் சிவந்தது. எழுபத்தொரு வருஷத்தில் அவரைப் பார்த்து இப்படிச் சிரித்தவர் யாரும் இல்லை. தார்ப்பாயை மறுபடி போர்த்த ஆரம்பித்தார்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் போதகர் போதில் வெளியே வந்தார். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பெண் போதகர், வெளிச்சுவருக்குத் தானே வெள்ளையடித்துக் கையில் எப்போதும் சுண்ணாம்பு அப்பியிருக்கும். நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

"ஹோல்கர், சிரிச்சு முடிச்சாச்சுன்னா கதவைப் பிடிங்க" என்றார். "எழுதினது நான். எந்தக் கப்பல்னு எழுதாதது என் தப்பு. உள்ள தொங்கறதும் உளுத்துதான் போயிருக்கு. வாங்க ஐயா."

"நான் உள்ள வர்றதில்ல, போதகரம்மா."

"தெரியும். ஆனா தொங்கவிடற இடத்தை அளக்காம போனா ராத்திரி தூக்கம் வருமா உங்களுக்கு?"

அந்தப் பெண் ஆளை அளக்கத் தெரிந்தவர். லாவ்ரிட்ஸ் ஹோல்கரிடமிருந்து அளவு நாடாவை வெடுக்கென்று பிடுங்கி, படகை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டார்.

வாசல் கல்லில் சிங்கம் இருக்கிறது. எண்ணூறு வருஷத்துக் கல்தச்சன் வேலை. வாய்க்குள் ஒரு மனிதத் தலை. விழுங்குகிறதா, தூக்கிக் காப்பாற்றுகிறதா என்று இன்னும் யாரும் முடிவுபண்ணவில்லை. சின்ன வயதில் லாவ்ரிட்ஸும் கிரெஸ்டெனும் அந்த வாயில் விரல் விட்டு விளையாடியிருக்கிறார்கள். இப்போது கடக்கும்போது கை தானாக அதன் பிடரியைத் தொட்டது. தொப்பியைக் கழற்றினார். உள்ளே போனார்.

அவருக்குத் தெரிந்த சுவர் வெள்ளைச் சுவர். இப்போது அதில் ஆட்கள் இருந்தார்கள். ஐம்பதுகளில் அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்து சுண்ணாம்பைச் சுரண்டியபோது உள்ளேயிருந்து பழைய ஓவியங்கள் வெளிவந்தன. லாவ்ரிட்ஸ் பார்த்ததில்லை. சிவப்பும் காவியும் பச்சையுமாக வடக்குச் சுவர் முழுக்க நின்றவர்கள் அவரையே பார்ப்பதுபோல் இருந்தது.

படகை முன்வரிசை இருக்கையில் வைத்துவிட்டு, அளவெடுப்பதை மறந்து சுவரோரம் நடந்தார். நோவாவின் பேழைக்கு எதிரில் நின்றுவிட்டார்.

"இதை வரைஞ்சவன் கடலையே பாக்காதவன்" என்றார். "மேல் பலகை கீழ்ப் பலகைக்கு உள்ள போகுது பாருங்க. தண்ணி நேரா உள்ள வரும். இந்த நோவா பிழைச்சது ஆண்டவர் தயவு, தச்சன் தயவு இல்ல. என்கிட்ட வந்திருந்தா..."

"மேஸ்திரி நோவாவுக்கே பாடம் எடுக்கறாரு!" என்றார் ஹோல்கர் பின்னாலிருந்து.

"எடுப்பேன். மரத்துல நான் யாருக்கும் எடுப்பேன்."

பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் வளைவுக்கு மேலே அடுத்த படம். இறக்கை வைத்த தூதன் ஒருவன் இறந்தவர்களின் ஆத்துமாவை நிறுக்கத் தராசு பிடித்திருக்கிறான். ஒரு தட்டில் நிர்வாணமாக ஒரு சின்ன மனிதன், கைகூப்பி உட்கார்ந்திருக்கிறான். மற்ற தட்டில் பிசாசுகள் தொங்குகின்றன. ஒன்று திரிகைக் கல்லைத் தூக்கிப் போடுகிறது. சின்ன மனிதன் மேலே போய்விட்டான், எடை போதவில்லை. அப்போது நீல அங்கி போட்ட மரியாள் பின்னாலிருந்து வந்து அவன் தட்டில் ஒரு விரலை வைக்கிறாள்.

லாவ்ரிட்ஸ் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்திருக்கும். குறை ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த ஆள் யாரு?" என்று கேட்டார்.

"எவனோ ஒருத்தன். பேர் எழுதல" என்றார் போதில்.

"தராசுல விரல் வைக்கறது தப்பாச்சே, போதகரம்மா."

"தப்புதான். அதைத்தான் வரைஞ்சு வெச்சிருக்காங்க."

அந்த நேரம் வாசல் பக்கம் இலைச் சலசலப்பு கேட்டது. சிட்செல் கை நிறைய பீச் மரக் கிளைகளோடு வந்தாள். பெந்தெகொஸ்தேக்குப் புதுத்தளிர் கட்டுவது எப்போதும் அவள் வேலை. அறுபத்தெட்டு வயது, முதுகு வளையவில்லை. கொழுந்தனை அந்த இடத்தில் பார்த்ததும் நின்றாள். ஆச்சரியப்படக்கூட நேரமில்லை, இருக்கையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

கிளைகளைத் தரையில் வைத்தாள். படகைச் சுற்றி வந்தாள். சுக்கானின் கைப்பிடியை இரண்டு விரலால் தொட்டாள். நுனியில் சின்ன வளைவு. இடது கைக்காரருக்குத் தோதான வளைவு. கிரெஸ்டென் கேட்டு வைத்தது.

"மெட்டே" என்றாள்.

ஹோல்கருக்கு எதுவும் உறைக்கவில்லை. "அழகா இருக்கில்ல அக்கா? மேஸ்திரி, அப்ப இது நாற்பத்து நாலாவதா?"

லாவ்ரிட்ஸ் நாடாவைச் சுருட்டினார். விரித்தார். மறுபடி சுருட்டினார். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும், கப்பல் தொங்கும், எண்ணிக்கையும் ஏறும். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. மேலே அந்தச் சின்ன மனிதன் கைகூப்பி உட்கார்ந்திருந்தான்.

"இல்ல" என்றார். "இது முதலாவது."

பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவள் காலணியைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணி, இடது பக்கம், கீழருந்து மூணாவது பலகை. அன்னிக்கு அது பச்சை மரம். காஞ்சது தீந்துபோச்சு. தெரிஞ்சேதான் அடிச்சேன். தார் பூசி மறைச்சேன். அண்ணன் அந்தப் பலகையாலதான் போனாரோ என்னவோ... எனக்குத் தெரியாது. நாற்பத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரியாது."

ஹோல்கரின் வாய் அன்றுதான் முதல்முறையாக மூடியது.

சிட்செல் மூன்றாவது பலகையைத் தேடி விரல் வைத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினாள்.

"அவருக்குத் தெரியும்" என்றாள்.

லாவ்ரிட்ஸ் நிமிர்ந்தார்.

"படகை வாங்கின அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொன்னாரு. 'தம்பி ஒரு பச்சைப் பலகையைச் சொருகிட்டான், நான் கவனிக்கலைன்னு நெனச்சிட்டிருக்கான். வசந்தத்துல கரையேத்தி அவனையே மாத்தவெக்கறேன், அப்ப மூஞ்சியைப் பாக்கணும்'னு சிரிச்சாரு." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்குப் போனது அஞ்சு படகு, லாவ்ரிட்ஸ். மத்த நாலும் காஞ்ச மரந்தான்."

"அப்ப நீங்க..."

"நீ என்னிக்காவது சொல்லுவேன்னு இருந்தேன். கூரைய வந்து அடிச்ச, ஜன்னல அடிச்ச. வாசல்ல நின்னே காபி குடிச்ச. மரத்துக்காக எனக்குக் கோவமே இல்ல. நீ சொல்லாததுக்குக் கோவம். அது இன்னும் இருக்கு, அதுபாட்டுக்கு இருக்கட்டும்." குனிந்து கிளைகளை எடுத்தாள். "பின்னாடி பேர் எழுதாம விட்டிருக்க. உங்கம்மா பேரை மறந்துட்டியா? எழுது."

லாவ்ரிட்ஸ் சட்டைப்பையிலிருந்து தச்சுப் பென்சிலை எடுத்தார். பாதிப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்த எழுத்தில், இருக்கை முன்னால் மண்டியிட்டு எழுதினார். ஒரு எழுத்து கோணலாக விழுந்தது.

மறுநாள் பீச் தளிர்களுக்கு நடுவே மெட்டே தொங்கினாள். கடலோரத்தில் எங்கேயும் செய்வதுபோல அணியம் பலிபீடத்தைப் பார்த்து, வீட்டுக்கு வருகிற படகாக. லாவ்ரிட்ஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று ஹோல்கர் சொல்லித் திரிந்தார். நான் நம்பவில்லை. ஆராதனை முடிந்ததும் அண்ணி வீட்டுக்குப் போய், மரக்காலணியை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே மேசையில் உட்கார்ந்து இரண்டு கோப்பை காபி குடித்தார். இது எல்லோரும் பார்த்தது.

திங்கட்கிழமை பண்டிகை விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை உளிப்பெட்டியோடு மேட்டுக்குப் போய், செய்திமடல் உண்மையில் கேட்ட வேலையை ஆரம்பித்தார். உளுத்த தரையைப் பெயர்த்தார். ஏணியில் ஏறி உத்தரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கூரையே இல்ல, கவுத்துப்போட்ட படகு. இதை ஏன் முன்னாடியே யாரும் சொல்லல?" என்று மேலேயிருந்து போதகரைத் திட்டினார். அக்டோபர் வரைக்கும் வேலை நடந்தது. போட்ட ஒவ்வொரு பலகையையும் முகர்ந்து பார்த்துத்தான் போட்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் பாய்ப்படகில் வந்த ஜெர்மன்காரர் ஒருவர் பட்டறை வாசலில் நின்று, மொத்தம் எத்தனை படகு கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் நாலைந்து பேர் வலை ஓரமாக நின்றிருந்தோம். வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தோம்.

லாவ்ரிட்ஸ் மீசையைத் தடவினார்.

"நாற்பத்து அஞ்சு" என்றார். "ஒண்ணு கடலுக்குப் போயிடுச்சு, எங்கண்ணனோட. இன்னொண்ணு அதோ, மேட்டுமேல கவுந்து கெடக்கு. அதுக்குள்ள உக்காந்துதான் ஊரே பாடுது. போய்ப் பாருங்க, ஒரு சொட்டு ஒழுகாது."